பூண்டிக்கு வரும் கிருஷ்ணா தண்ணீர் எங்கிருந்து புறப்படுகிறது?

சென்னை கொளத்தூரில் இருக்கும் என் அக்கா மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் கேட்டது இது: “மாமா, கிருஷ்ணா நதி பாயுற மாநிலம்னு புத்தகத்துல மகாராஷ்டிரா, கர்நாடகா, தெலங்கானா, ஆந்திரான்னு நாலுதான் போட்டிருக்கு. தமிழ்நாடு இல்ல. அப்புறம் நம்ம வீட்டுக் குழாய்ல கிருஷ்ணா தண்ணி வருதுன்னு எப்படிச் சொல்றாங்க? அதுவும் ஒரு வருஷம் வருது, ஒரு வருஷம் வரலைங்கிறாங்களே, ஏன்?”

புத்தகமும் சரி, குழாயும் சரி. கிருஷ்ணா ஆறு தமிழ்நாட்டு எல்லைக்குள் வருவதே இல்லை. அதன் தண்ணீரில் ஒரு சிறு பங்கு, வெட்டிய கால்வாய் வழியாக நம்மிடம் வருகிறது. அது எப்படி வருகிறது என்று மட்டும் சொன்னால் உன் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஆனால் ஏன் சில ஆண்டுகளில் வருவதில்லை என்று புரிய வேண்டுமானால், ஆற்றை அதன் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மகாராஷ்டிராவில் சாத்தாரா மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியை ஒட்டி இருக்கிறது மகாபலேஸ்வர். அங்கே சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் கிருஷ்ணா பிறக்கிறது. அங்கிருந்து அரபிக் கடல் நேர்க்கோட்டில் வெறும் 65 கிலோமீட்டர்தான். அவ்வளவு பக்கத்தில் ஒரு கடலை வைத்துக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டி, கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் சேர்கிறது. தக்காணப் பீடபூமி மேற்கே உயர்ந்து கிழக்கே சாய்ந்திருப்பதுதான் காரணம். மலையின் மேற்குப் பக்கம் செங்குத்தாகக் கொங்கணக் கரைக்கு இறங்கிவிடும். கிழக்குப் பக்கம் மெதுவாகச் சரிந்துகொண்டே போகும்.

பழைய மகாபலேஸ்வரில் பஞ்சகங்கா கோயில் என்று ஒன்று உண்டு. கிருஷ்ணா, வெண்ணா, கொய்னா, காயத்ரி, சாவித்ரி என்று ஐந்து ஆறுகளும் அங்கே பிறப்பதாக நம்பிக்கை. கல்லில் செதுக்கிய பசுவின் வாய் வழியாகத் தண்ணீர் தொட்டியில் விழும். இந்த ஐந்தில் சாவித்ரி மட்டும் மேற்கே இறங்கி அரபிக் கடலுக்குப் போகிறது. அந்த மலைமுகட்டில் விழும் மழைத்துளி ஒரு பக்கம் தள்ளி விழுந்தால் கொங்கணம், மறு பக்கம் விழுந்தால் விஜயவாடா. தண்ணீர் பிரிமேடு என்று பாடத்தில் படித்திருப்பாய். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது.

மழைக் கணக்கைக் கவனி, இதுதான் முக்கியம். மகாபலேஸ்வரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அங்கிருந்து கிழக்கே மலை இறங்கி வாய் என்ற ஊருக்கு வந்தால் அதில் ஒரு சிறு பங்குதான். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேல் ஏறும்போதே ஈரத்தை எல்லாம் கொட்டிவிடுகிறது. தாண்டி வரும் காற்றில் மிச்சம் அதிகமில்லை. கிருஷ்ணாவுக்குத் தண்ணீர் வடிந்து வரும் நிலப்பரப்பு, அதன் வடிநிலம், மொத்தம் சுமார் 2.59 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவின் நிலப்பரப்பில் கிட்டத்தட்ட 8 சதவீதம். ஆனால் அதன் நடுப்பகுதி முழுக்க விஜயபுரா, ராய்ச்சூர் போன்ற வறண்ட சீமை. ஆற்றுக்குத் தண்ணீர் வருவது மேற்கே ஓர் ஒல்லியான மலைப்பட்டையிலிருந்து, அதுவும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதத்தில். செலவாவதோ ஆண்டு முழுவதும், மழை குறைந்த பூமியில்.

சென்னைக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அது பொய்த்தால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் ஒன்றாகக் காயும். கிருஷ்ணா தண்ணீர் நமக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், அது வேறொரு பருவமழையில் சேர்ந்த தண்ணீர். இங்கே மழை தவறினாலும் சாத்தாரா மலையில் பெய்திருந்தால் நமக்கு ஒரு கை கிடைக்கும். கிருஷ்ணாவைப் பற்றிச் சென்னைவாசி தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, ஆற்றோடு போவோம். வாய், சாத்தாரா கடந்து கராட் என்ற ஊரில் கொய்னா வந்து சேர்கிறது. பொதுவாக இரண்டு ஆறுகள் சாய்வாக வந்து ஒட்டிக்கொள்ளும். கராடில் கிருஷ்ணாவும் கொய்னாவும் நேருக்கு நேர் எதிர்ப்பட்டு மோதி, பிறகு ஒன்றாகக் கிழக்கே திரும்புகின்றன. மேலிருந்து பார்த்தால் ஆங்கில ‘டி’ எழுத்து. பிரீதி சங்கமம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். கொய்னாவின் மேல் கட்டிய அணை மின்சாரத்துக்குப் பேர் போனது. 1967 டிசம்பர் 11 அன்று அந்த அணையை ஒட்டி வந்த நிலநடுக்கம், பெரிய நீர்த்தேக்கங்களே நிலநடுக்கத்தைத் தூண்டக்கூடுமா என்ற கேள்விக்காக உலகம் முழுக்க இன்றும் ஆராயப்படுகிறது. இன்னொன்றும் உண்டு. கிழக்கே வர வேண்டிய கொய்னா தண்ணீரில் பெரும்பகுதியைச் சுரங்கம் வழியாக மேற்கே திருப்பி, மலையின் உயரத்தைப் பயன்படுத்தி மின்சாரம் எடுத்துவிட்டு, வசிஷ்டி ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். அது அரபிக் கடலுக்குப் போய்விடும். இயற்கை கிழக்கே அனுப்பிய தண்ணீரை மனிதன் மேற்கே அனுப்புகிறான். கீழே உள்ள மாநிலங்களுக்கு இதில் மனக்குறை உண்டு, அதில் நியாயமும் உண்டு.

சாங்லி தாண்டி நரசோபாவாடியில் கோலாப்பூரின் பஞ்சகங்கா ஆறு சேர்ந்துகொள்ள, கிருஷ்ணா கர்நாடகத்துக்குள் நுழைகிறது. இங்கே கரிசல் மண், கீழே கரும்பாறை. எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகிய பசால்ட் அது.

கர்நாடகத்தில் முதல் பெரிய நிறுத்தம் ஆலமட்டி அணை. சுமார் 123 டி.எம்.சி. பிடிக்கும். நம் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி மூன்றையும் சேர்த்தாலே 10 டி.எம்.சி.யைச் சற்றுத்தான் தாண்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி, அதாவது சுமார் 2,830 கோடி லிட்டர் என்பதையும் குறித்துவைத்துக்கொள்.

ஆலமட்டிக்குக் கீழே மலப்பிரபா கலக்கும் இடம் கூடலசங்கமம். 12-ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தவாதி பசவண்ணர் இறைவனோடு ஐக்கியமான இடம் என்று லிங்காயத்துகள் போற்றும் தலம். கீழே நாராயணபுரம் அணை கட்டியதும் அந்த இடம் நீருக்குள் போகும் நிலை வந்தது. அதற்காக ஐக்கிய மண்டபத்தைச் சுற்றிக் கிணறுபோல் சுவர் எழுப்பிவிட்டார்கள். சுற்றிலும் தண்ணீர், நடுவே வட்டமான சுவர். உள்ளே படியிறங்கிக் கொண்டே போனால் ஆற்றின் மட்டத்துக்கும் கீழே ஈரம் கசியாத தரையில் லிங்கம் இருக்கும். அணைக்காக எத்தனையோ ஊர்கள் மூழ்கிய நாட்டில் இப்படி ஓர் இடத்தைக் காப்பாற்றியிருப்பதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. அதே மலப்பிரபாவின் மேல்பகுதியில்தான் சாளுக்கியர்களின் ஐஹொளேயும் பட்டடக்கல்லும் இருக்கின்றன. நம் காஞ்சிப் பல்லவர்களோடு தலைமுறை தலைமுறையாக மோதியவர்கள் அந்தக் கரைக்காரர்கள்.

அடுத்து அந்த நாராயணபுரம் அணை. அதைத் தாண்டி, பண்டரிபுரத்தைத் தொட்டுவரும் பீமா ராய்ச்சூர் பக்கத்தில் வந்து சேர்கிறது. பீமாவும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து 860 கிலோமீட்டர் ஓடி வருகிற பெரிய ஆறு. இங்கிருந்து பாறை மாறுகிறது. கரும்பாறை முடிந்து உருண்டை உருண்டையான கிரானைட் குன்றுகள். கிருஷ்ணாவுக்கும் துங்கபத்திராவுக்கும் இடையே உள்ள ராய்ச்சூர் நிலப்பரப்புக்காக விஜயநகரமும் பாமினி சுல்தான்களும், பிறகு பிஜாப்பூரும் மாறி மாறிப் போரிட்டார்கள்.

தெலங்கானாவில் ஜுராலா அணையைக் கடந்ததும், ஹம்பியைத் தொட்டு ஓடிவரும் துங்கபத்திரா ஆலம்பூர், கர்னூல் வட்டாரத்தில் கலக்கிறது. கிருஷ்ணாவின் துணையாறுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கொய்னாவும் பீமாவும் மகாராஷ்டிராவின் மழையைக் கொண்டுவருகின்றன. துங்கபத்திரா சிக்கமகளூர், சிவமொக்கா மலைகளின் மழையைக் கொண்டுவருகிறது. ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் ஓரளவுக்கு ஈடுகட்டும்.

அந்தப் பக்கத்தில் சங்கமேஸ்வரம் என்று ஒரு கோயில். கருவறையில் இருப்பது வேப்பமரத்தால் ஆன லிங்கம். ஸ்ரீசைலம் அணை கட்டிய பிறகு அந்தக் கோயில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீருக்குள்ளேயே இருக்கும். கோடையில் நீர்மட்டம் சுமார் 840 அடிக்கு இறங்கும்போது முதலில் கோபுரம், பிறகு சுவர், பிறகு சேறு படிந்த தரை என்று வெளியே வரும். பூசை நடக்கும், ஜனங்கள் படகில் போவார்கள். ஆடி, ஆவணியில் வெள்ளம் வந்ததும் மறுபடி மூழ்கிவிடும். இந்த 840 அடியை நினைவில் வைத்துக்கொள், சீக்கிரமே நமக்கு வேண்டியிருக்கிறது.

நல்லமலைக் காட்டுக்குள் ஆறு ஆழமான பள்ளத்தாக்கை வெட்டிக்கொண்டு போகிறது. அங்கேதான் ஸ்ரீசைலம். நம் தேவார மூவரும் பாடிய திருப்பருப்பதம் இதுதான். அணையின் முழு மட்டம் 885 அடி. கட்டியபோது 308 டி.எம்.சி. கொள்ளளவு என்று கணக்கிட்டார்கள். மேலேயிருந்து வந்த வண்டல் படிந்து படிந்து இப்போது சுமார் 215 என்கிறார்கள். நூறு டி.எம்.சி.க்கு அருகில் மண்ணாகிவிட்டது. புது அணைக்குச் சண்டை போடுகிற அளவுக்கு இருக்கிற அணைகளின் வண்டலைப் பற்றி எந்த மாநிலமும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். 2009 அக்டோபரில் இந்த நீர்த்தேக்கத்துக்கு வந்த வெள்ளம் அணை வடிவமைத்தபோது எதிர்பார்த்ததை மீறியது. கர்னூல் நகரம் மூழ்கியது.

ஸ்ரீசைலத்துக்குக் கீழே நாகார்ஜுனசாகர். 1955 டிசம்பரில் நேரு அடிக்கல் நாட்டிய, கல்லால் கட்டிய அணை. அதன் நீருக்குள் இக்ஷ்வாகு அரசர்களின் விஜயபுரியும் பௌத்த விகாரைகளும் போய்விட்டன. தோண்டி எடுக்க முடிந்ததை எடுத்து நடுவே தீவாக மிஞ்சிய குன்றின் மேல் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். இன்னும் கீழே அமராவதி. அங்கே போக முடியாவிட்டால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போ. அமராவதி ஸ்தூபியின் பளிங்குபோன்ற சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கிருஷ்ணா தண்ணீர் சென்னைக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அதன் கரைக் கற்கள் வந்துவிட்டன.

விஜயவாடாவில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில், 1850களில், ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு எழும்பியது. இப்போது அந்த இடத்தில் நிற்பது 1957-இல் திறந்த பிரகாசம் தடுப்பணை. அதற்குக் கீழே டெல்டா, நெல்வயல், கிளையாறுகள், அவற்றுக்கு நடுவே திவிசீமை என்ற தீவு. ஹம்சலதீவி அருகே ஒரு கிளை கடலில் கலக்கிறது. 1977 நவம்பர் 19 அன்று அந்தத் திவிசீமையில் புயலோடு எழுந்த கடல் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. ஆற்றின் பயணம் அங்கே முடிகிறது.

இனி நம் பங்குக்கு வருவோம். 1976-இல் கிருஷ்ணா நடுவர் மன்றத்தின் தீர்ப்பு அரசிதழில் வந்தது. நீதிபதி பச்சாவத் தலைமையிலான மன்றம் மகாராஷ்டிராவுக்கு 560, கர்நாடகத்துக்கு 700, அன்றைய ஆந்திராவுக்கு 800, ஆக மொத்தம் 2,060 டி.எம்.சி. என்று பிரித்தது. தமிழ்நாட்டுக்கு எதுவும் கிடையாது, நாம் வடிநில மாநிலமே இல்லை. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் மூன்று மாநிலங்களும் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. சென்னைக் குடிநீருக்குத் தர ஒப்புக்கொண்டன. இந்திரா காந்தி பிரதமராக இருந்து எடுத்த முயற்சி அதன் பின்னால் இருந்தது. ஆக மொத்தம் 15. வழியில் ஆவியாவது, கசிவது என்று 3 கழித்து, தமிழ்நாட்டு எல்லையில் 12 டி.எம்.சி. கணக்கு: ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது இரு மாநில ஒப்பந்தம் ஆனது. ஆந்திரா அதைத் தன் வறண்ட ராயலசீமைக்கும் நெல்லூருக்கும் பாசனம் தரும் தெலுங்கு கங்கைத் திட்டமாக விரித்துக்கொண்டது. முதல் தண்ணீர் நம் எல்லையைத் தொட்டது 1996 செப்டம்பர் கடைசியில். ஒப்புக்கொண்டு இருபது ஆண்டு.

தண்ணீர் வரும் வழி இது. ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் போத்திரெட்டிபாடு என்ற இடத்தில் மதகு. அங்கிருந்து கால்வாயில் பனகசர்லா, வெலுகோடு என்று போய், பெண்ணாற்றில் கலந்து, நெல்லூர் மாவட்டத்தில் சோமசிலா அணையில் தேங்குகிறது. அங்கிருந்து இன்னொரு கால்வாயில் கண்டலேறு. கண்டலேறுவிலிருந்து வெங்கடகிரி, காளத்தி, சத்யவேடு வட்டாரங்கள் வழியாக 152 கிலோமீட்டர் கால்வாயில் வந்து ஊத்துக்கோட்டை பக்கம் தாமரைக்குப்பத்தில் எல்லை. அங்கிருந்து 25 கிலோமீட்டரில் பூண்டி. கிருஷ்ணா, பெண்ணாறு, கொசஸ்தலையாறு என்று பல ஆற்று வடிநிலங்களைத் தொட்டு வந்த தண்ணீர் அது. பூண்டியிலிருந்து புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் போய், சுத்திகரித்த பிறகு உன் வீட்டுக்கு வருகிறது.

தாமரைக்குப்பத்தை ஜீரோ பாயின்ட் என்பார்கள். பார்க்கப் பிரமாதமாக ஒன்றும் இருக்காது. இரு பக்கமும் சரிவாகக் கான்கிரீட் போட்ட கால்வாய், கரையில் சீமைக்கருவேலம், அளவு குறித்த பலகை. தண்ணீர் வருகிற நாளில் முதலில் நுரையும் குப்பையும் இலைதழையுமாகத் தள்ளிக்கொண்டு வரும். பின்னால் கலங்கலாக, பிறகு தெளிவாக. பலகையில் மட்டத்தைப் பார்த்து இத்தனை கனஅடி என்று குறித்துக்கொள்வார்கள். மறுநாள் செய்தித்தாளில் வருகிற எண் அதுதான்.

சென்னைக்கு மாதத்துக்குச் சுமார் 1 டி.எம்.சி. குடிநீர் தேவை. ஆக 12 வந்தால் காகிதத்தில் ஓராண்டுத் தேவை தீர்ந்தது. பெரும்பாலான ஆண்டுகளில் அந்தப் பன்னிரண்டும் முழுசாக வந்ததில்லை. ஆந்திரா தரவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம் வழக்கம். நான் அதை ஏற்பதில்லை. ஆலமட்டி நிரம்பிய பிறகு நாராயணபுரம், அதன் பிறகு ஜுராலா, அப்புறம் ஸ்ரீசைலம். இந்த வரிசையில் மேலே இருப்பவர் நிறையாமல் கீழே இருப்பவருக்குப் பெரிதாக எதுவும் வராது. ஸ்ரீசைலத்தில் தண்ணீர் இருந்தாலும் போதாது. போத்திரெட்டிபாடு மதகின் அடிமட்டம் 841 அடி. நான் நினைவில் வைக்கச் சொன்ன சங்கமேஸ்வரம் கோயில் வெளியே தெரிகிற மட்டமும் கிட்டத்தட்ட அதுவே. அந்தக் கோயிலில் பூசை நடக்கிற நாட்களில் மதகுக்குத் தண்ணீர் எட்டாது. அந்தச் சமயத்தில் நமக்கு வர முடிந்தது சோமசிலாவிலும் கண்டலேறுவிலும் ஏற்கெனவே சேர்த்துவைத்தது மட்டும்தான்.

வழியில் வயல்களுக்கு மோட்டார் வைத்து இறைப்பதும் உண்டு, கசிவும் உண்டு. கரை சரிந்த நாட்களில் பாதித் தண்ணீர் மண்ணுக்கே போனது. 2000களின் தொடக்கத்தில் புட்டபர்த்தி சாய் பாபாவின் அறக்கட்டளை பணம் கொடுத்துக் கண்டலேறு கால்வாயைச் சீரமைத்த பிறகுதான் நிலைமை தேறியது. நன்றியோடு சொல்ல வேண்டிய விஷயம் அது. 152 கிலோமீட்டர் கரையில் வறண்ட நிலம் வைத்திருக்கிற விவசாயி, கண்ணெதிரே ஓடும் தண்ணீரைத் தொடாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் எளிதல்ல. அவருக்கும் பங்கு ஒழுங்காகக் கிடைக்க ஏற்பாடு செய்வதுதான் நமக்கும் நல்லது.

இந்த ஆண்டு தண்ணீர் வருமா என்று தெரிய வேண்டுமானால், செய்தித்தாளில் ஜூலையில் ஆலமட்டியைப் பார், ஆகஸ்டில் ஸ்ரீசைலத்தின் அடிக்கணக்கைப் பார், செப்டம்பரில் கண்டலேறு இருப்பைப் பார். 2019-இல் நடந்ததே இதற்குச் சாட்சி. அந்த ஜூனில் சென்னையின் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆகஸ்டு முதல் வாரத்தில் சாங்லியும் கோலாப்பூரும் வெள்ளத்தில் மூழ்கின. அந்த மாதமே ஸ்ரீசைலத்தின் மதகுகளைத் திறக்க வேண்டிவந்தது. செப்டம்பர் கடைசியில் தாமரைக்குப்பத்துக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே.